சிங்கம் இல்லாத வெளிச்சவீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இதழில் வந்த கொழும்புக் கோட்டை பற்றிய கட்டுரையை வாசித்தேன். எழுதியவர் நன்றாகத்தான் எழுதியிருந்தார். கோளாறு படத்தில். ‘1857இல் கட்டப்பட்ட கோட்டை வெளிச்சவீடு’ என்று கீழே அச்சிட்டுவிட்டு, மேலே காலிபக் வெளிச்சவீட்டைப் போட்டிருந்தீர்கள். அது 1952இல் கட்டியது. இடையில் 95 வருடம் இருக்கிறது.

இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று நீங்கள் கேட்கலாம். தரம் 8இல் படிக்கும் என் பேரன் அந்தப் படத்தைக் கத்தரித்து ஒப்படையில் ஒட்டி, உங்கள் வாசகத்தையே கீழே எழுதிக் கொடுத்திருக்கிறான். பத்துக்குப் பத்து. “இது அதில்லையடா” என்றேன். “பேப்பரில் போட்டிருக்கே தாத்தா” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி, நேரே காட்டிவிடுவோம் என்று அடுத்த ஞாயிறு காலை கிளம்பினோம்.

கோட்டை வெளிச்சவீடு ஒரு மணிக்கூட்டுக் கோபுரமும்தான். ஓட்டோத் தம்பியிடம் மணிக்கூட்டுக் கோபுரம் என்று மட்டும் சொன்னது என் பிழை. அவர் எங்களைப் புறக்கோட்டையில் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறக்கிவிட்டார். பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பம் ஒன்று தகப்பன் நினைவாக 1923இல் கட்டியது அது. கொட்டாஞ்சேனை ஆட்களுக்கு மணிக்கூட்டுக் கோபுரம் என்றால் இதுதான். தம்பியைக் குறை சொல்லவில்லை. அங்கிருந்து நடந்தே யோர்க் வீதியால் போய்ச் சதாம் வீதிக்குள் திரும்பினோம்.

அந்த வீதியில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் 38 வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். வீதி முடிவில், ஜனாதிபதி மாவத்தைச் சந்தியில் (எங்களுக்கு அது குயின்ஸ் வீதி) அந்தக் கோபுரம் நிற்கும். சதுரமாக மேலே ஏறிப்போய், மணிக்கூட்டு முகங்கள் வந்து, அவற்றுக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு. பேரன் அண்ணாந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “சிங்கம் எங்கே தாத்தா?”

சிங்கம் உங்கள் படத்தில் இருந்தது. இதற்குச் சிங்கம் கிடையாது. இது முதலில் வெளிச்சவீடே இல்லை. ஆளுநர் சேர் ஹென்றி வோர்டின் மனைவி வடிவமைத்துக் கொடுத்த மணிக்கூட்டுக் கோபுரம். கடிகாரம், லண்டன் பிக் பென் கடிகாரத்தைச் செய்த டென்ட் கம்பெனியுடையது. பத்து வருடம் கழித்து, 1867இல்தான் உச்சியில் விளக்கு ஏற்றினார்கள். கோட்டைக்குள் அதைவிட உயரமான இடம் அப்போது இல்லை. தனியாக ஒன்று கட்டுவானேன் என்று நினைத்திருப்பார்கள். ஒரே கட்டடம் ஊருக்கு நேரமும் கப்பலுக்கு வழியும் சொன்னது. கணக்குப் பார்க்கும் ஆளான எனக்கு இந்தச் சிக்கனம் மிகவும் பிடிக்கும்.

விளக்கு ஏற்றிய காலத்தில் கொழும்பில் அலைதடுப்பே, அதாவது துறைமுகத்துக்குள் அலை வராமல் மறிக்கும் சுவரே, கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டுவிட்டுத் தென்மேல் பருவக்காற்றில் ஆடிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பெரிய நீராவிக் கப்பல்கள் பெரும்பாலும் தெற்கே காலித் துறைமுகத்துக்குத்தான் போயின. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து தென்மேற்கு அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டினார். வேலை முடிய 1885 ஆயிற்று. அதற்குப் பிறகு காலியின் வியாபாரம் இங்கே வந்தது, கப்பலுக்குக் கரி ஏற்றும் வேலை வந்தது, கரி சுமக்க என் பாட்டனாரும் தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்தார். கொச்சிக்கடையில் அவர் இருந்த லைன் அறையின் சுவரில் இரவில் அந்த வெளிச்சம் வந்து தொட்டுவிட்டுப் போகுமாம். அப்பா அடிக்கடி சொல்லுவார்.

பிறகு கோட்டையில் மாடிக்கு மேல் மாடி எழும்பி விளக்கைக் கடலுக்கு மறைத்துவிட்டது. 1952இல் அதை அணைத்துவிட்டுக் கடலோரத்தில் காலிபக்கில் புதியதைக் கட்டினார்கள். “கண்ணைப் பிடுங்கிவிட்டு மணிக்கூட்டை மட்டும் விட்டுவைத்தார்கள்” என்பார் அப்பா. கண்ணாடிக் கூண்டு இன்னும் அப்படியே இருக்கிறது, விளக்கு எரிவதில்லை. 1996இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு, சந்தியைத் தாண்டுவதற்கே அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதும் இந்தக் கோபுரத்தடியில்தான். அது வேறு கதை.

அங்கிருந்து பத்து நிமிட நடை, சைத்திய வீதிக்கு. காலிபக்கில் சதுரமான கொங்கிறீட் மேடை, அதன் மேல் உருண்டையான வெள்ளைக் கோபுரம், மூலைக்கொன்றாக நாலு சிங்கம். பேரன் சுற்றி வந்து எண்ணினான். வெளிச்சவீட்டுக்குச் சிங்கக் காவல் எதற்கோ தெரியாது. சுதந்திரம் கிடைத்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. வைக்க இடம் கிடைத்தால் சிங்கம் வைத்துவிடுகிற காலம் என்பது என் எண்ணம். வேடிக்கை என்னவென்றால், பழையதும் புதியதும் உயரத்தில் ஒன்றுதான், 29 மீற்றர். படத்தில் மட்டும் பார்த்தால் குழம்பத்தான் செய்யும், ஒத்துக்கொள்கிறேன்.

நான் வேலையில் இருந்த நாட்களில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அந்த மேடைப் பக்கம் வருவோம். பருவக்காற்று நாளில் சாரல் சட்டையை நனைத்துவிடும். இப்போது அங்கே நின்றால் எதிரே துறைமுக நகரம். 269 ஹெக்டேயர், முழுக்கக் கடலில் மண் கொட்டி எடுத்த நிலம். முதல் வெளிச்சவீட்டைக் கட்டடம் மறைத்தது. இரண்டாவதன் முன்னாலிருந்து கடலையே அப்பால் தள்ளிவிட்டார்கள். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால், கரை எங்கே இருந்தது, எங்கே போனது என்ற கணக்கு முழுக்கப் பிழைத்துவிடும். என் முறைப்பாடு இவ்வளவுதான்.

ஒரு திருத்தம் போடுங்கள். மூலையில் இரண்டு வரியாக வேண்டாம், படத்தோடு போடுங்கள். படம் எடுக்க ஆள் அனுப்பினால் காலையில் அனுப்புங்கள். பின்னேரம் சதாம் வீதியிலிருந்து மேற்கே பார்த்தால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், கோபுரம் கறுப்பாகத்தான் விழும்.

பேரன் பழைய படத்தைக் கிழிக்க மாட்டேன் என்றுவிட்டான். பக்கத்தில் புதியதை ஒட்டி, ‘இதுதான் அது’ என்று எழுதித் திரும்பவும் கொடுத்திருக்கிறான். ஒப்படை இன்னும் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13