ஈகதோவும் அத்திப்பழமும்

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம். போன ஞாயித்துக்கெழமை உங்க பேப்பர் மருத்துவப் பக்கத்துல ஒரு துணுக்கு பாத்தேன், ஸ்பானிஷ்ல ஈரலுக்குப் பேரே அத்திப்பழத்துல இருந்துதான் வந்துச்சாம், ஏன்னா அத்தி ஈரலுக்கு அவ்ளோ நல்லதாம். முத பாதி சரி அண்ணாச்சி, ரெண்டாவது பாதி தலைகீழ்.

நான் 12 வருசம் கப்பல்ல சமையல் பாத்தவன், கூட வேலை பாத்தது பூராம் ஸ்பானிஷ் பேசுற ஆளுக. ஈரல அவங்க ஈகதோம்பாங்க, அத்திப்பழத்த ஈகோம்பாங்க (நம்மாளுகளுக்கு இருக்குல்லா, அந்த ஈகோ இல்ல). எழுதும்போது முன்னால ஒரு ஹ உண்டு, வாயில வராது, ஸ்பானிஷோட தாயான லத்தீன்ல அது ஃப-வா இருந்துச்சு, ஃபிக்கூஸ்னா அத்தி. ஈரல், ஈகதோ ரெண்டும் ஈ-ல ஆரம்பிக்கு, அப்ப தமிழ்ல இருந்துதான் போயிருக்குன்னு யாரும் கெளம்பிராதீங்க, புண்ணியமா போவும்.

லத்தீன்ல ஈரலோட சொந்தப் பேரு யெக்கூர். பழைய ரோமாபுரில வாத்துக்கு அத்தியத் திணிச்சுத் திணிச்சு ஈரல வீங்க வெப்பாங்க, கடையில கோத்துத் தொங்கவிட்டிருக்குமே அந்தச் சீமை அத்தி, நம்ம ஆத்தங்கரை அத்தி இல்ல. அப்பிசியஸ்னு ஒரு சாப்பாட்டுராமன் பன்னிக்கே காஞ்ச அத்தி ஊட்டுனான்னு 1ஆம் நூற்றாண்டுல பிளினிங்கிற ரோமாபுரி எழுத்தாளர் எழுதி வச்சிருக்காரு. அந்த ஐட்டத்துக்குப் பேரு யெக்கூர் ஃபிக்காட்டும், அத்தி ஊட்டுன ஈரல், இதுவும் கிரேக்கங்கிட்ட இருந்து அடிச்ச காப்பிதான். போகப்போக யெக்கூர் கழண்டு போச்சு, ஃபிக்காட்டும் மட்டும் நின்னு மனுசன் ஈரலுக்கும் அதே பேராயிட்டு. இத்தாலில ஃபேகதோ, பிரெஞ்சுல ஃபுவா, எல்லாம் ஒரே தாய் வயித்துப் பிள்ளைக. நம்ம எண்ணெய் கதைதான், எள்ளு நெய்தான எண்ணெய், இப்ப மண்ணெண்ணெய்ல போயி எள்ளத் தேட முடியுமா?

ஆக அத்தி போட்டது கொழுப்பு ஏத்துறதுக்கு. இன்னைக்கு டாக்டருங்க ஃபேட்டி லிவர்ங்காங்கல்லா, அதத்தான் அன்னைக்குக் காசு குடுத்து வாங்கித் தின்னுருக்காங்க. மனுசன் தின்னா நல்லதா கெட்டதான்னு டாக்டர் சொல்லட்டும், பேர வச்சு வைத்தியம் சொல்லாதீங்க.

எனக்கு ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு வந்து ஒரு மாசம் ஆவுது. உங்க துணுக்கப் படிச்சிட்டு எங்க அக்கா அரைக் கிலோ அத்தி வாங்கிட்டு வந்து தெனமும் காலைல பக்கத்துலயே நின்னு திங்க வைக்காவ, போதும்னாலும் விட மாட்டேங்காவ. சீக்கிரம் ஒரு திருத்தம் போடுங்க அண்ணாச்சி, நான் சொன்னா அவ நம்ப மாட்டா, பேப்பர்ல வந்தாதான் நம்புவா.

இப்படிக்கு,
பழைய கப்பல் சமையல்காரன், பாளையங்கோட்டை