திருத்தும் உரிமை யாருக்கு? ஆப்பிரிக்கத் திறந்த உரிமங்கள் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்க நாடுகளில் பாடநூல்களும் கதைகளும் ஒளிப்படங்களும் திறந்த உரிமத்தில், அதாவது பிறர் படியெடுக்கவும் பகிரவும் படைத்தவரே முன்கூட்டி அனுமதி தந்துவிடும் முறையில், வெளியிடப்படுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இப்பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று இடம் ஒதுக்கியது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், மேலை நாட்டு அறக்கட்டளைகள் ஏழை நாடுகளுக்கு விலையில்லாமல் வழங்கும் கொடை என்ற அளவிலேயே கட்டுரை நின்றுவிட்டதால், அங்கே உண்மையில் நடந்துவருவது என்ன என்பது வாசகர்களுக்குப் புலப்படாமல் போயிருக்கும். ஆப்பிரிக்கக் கதைகளின் தமிழ் வடிவங்களை வகுப்பறையில் பயன்படுத்திவரும் தொடக்கப்பள்ளி ஆசிரியை என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், இது எங்கிருந்தோ வந்து இறங்கிய கொடை அன்று. 2002ஆம் ஆண்டு கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றுகொண்டிருந்த மார்க் ஹார்னரும் அவருடைய நண்பர்களும், உயர்நிலை வகுப்புகளுக்கான அறிவியல் பாடநூல்களைத் தன்னார்வலர்களின் துணையோடு தாங்களே எழுதி, யாரும் படியெடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு வெளியிடும் வேலையைத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் சியாவுலா என்ற நிறுவனம். அதற்குப் பெருந்துணையாக நின்ற ஷட்டில்வர்த் அறக்கட்டளையை நிறுவியவரும், உபுண்டு லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம் மூலம் நம்மில் பலருக்குத் தெரிந்த, தென்னாப்பிரிக்காவில் பிறந்த மார்க் ஷட்டில்வர்த்தே. திறந்த உரிமத்தில் வெளியாகும் கல்வி வளங்கள் குறித்து உலகெங்கும் இன்றும் எடுத்துக்காட்டப்படும் பிரகடனம் 2007 செப்டம்பரில் கேப் டவுனில் கூடியவர்களால் எழுதப்பட்டு, 2008 சனவரியில் அந்நகரின் பெயராலேயே வெளியிடப்பட்டது என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

2012இல் தென்னாப்பிரிக்காவின் அடிப்படைக் கல்வித் துறை, சியாவுலாவின் கணித, இயற்பியல் அறிவியல் நூல்களை அச்சிட்டு அரசுப் பள்ளிகளுக்கு வழங்கியது. அந்நூல்களின் பதிப்புரிமைப் பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். நம் நூல்களில் 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று அச்சிடப்பட்டிருக்கும் அதே இடத்தில், இந்த நூலைப் படியெடுக்க உங்களுக்கு அனுமதி உண்டு, அதை ஊக்குவிக்கவும் செய்கிறோம், எந்தப் பக்கத்தையும், ஏன், முழு நூலையும்கூடச் சட்டப்படியே ஒளிநகல் எடுக்கலாம் என்று மாணவரை நோக்கிப் பேசுகிறது அந்தப் பக்கம். கைபேசியில் படிக்கலாம், நினைவகத்தில் ஏற்றலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரேயொரு கட்டுப்பாட்டை விதிக்கிறது: அட்டை, தலைப்பு, உள்ளடக்கம் எதையும் மாற்றக் கூடாது. அப்படியானால் திருத்த விரும்பும் ஆசிரியர் என்ன செய்வது? அவருக்காகவே, நிறுவனத்தின் சின்னமும் பெயரும் நீக்கப்பட்ட இன்னொரு வடிவம் வேறு உரிமத்தில் வெளியிடப்பட்டிருக்கிறது. அதை வெட்டலாம், சேர்க்கலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். மூலத்தை எழுதியவர்களின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். நூலுக்கு விலை இல்லை என்பதைவிட, அதை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் இங்கே பெரிய செய்தி என்பது என் கருத்து. தங்கள் கட்டுரை தவறவிட்டதும் அதைத்தான்.

உரிமம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே 2012இல் லிம்போப்போ மாகாணத்தில், சனவரியில் கல்வியாண்டு தொடங்கி மே மாதம் ஆன பிறகும் பல பள்ளிகளுக்குப் பாடநூல்கள் போய்ச் சேரவில்லை. 'செக்‌ஷன் 27' என்ற பொதுநல சட்ட அமைப்பு வழக்குத் தொடுத்து, நூல் வழங்கத் தவறியது அடிப்படைக் கல்வி உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற வேண்டியிருந்தது. லாரி வந்து நின்று கட்டுகளை இறக்கிப் போகிற வேலையை எந்த உரிமமும் செய்யாது. பதிப்பாளரிடம் அனுமதிக்காகக் காத்திருக்கும் தடை ஒன்றைத்தான் அது நீக்குகிறது. மற்ற தடைகளை அரசுதான் நீக்க வேண்டும்.

எனக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக். ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள சைடே என்ற கல்வி நிறுவனம் முன்னெடுத்த இத்திட்டத்தின் இணையதளம் 2014இல் தொடங்கப்பட்டது. கென்யா, உகாண்டா, லெசோத்தோ, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் பள்ளிகளிலும் நூலகங்களிலும் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். தாய்மொழியில் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு அம்மொழியில் பாடநூலைத் தவிர ஒரு கதைப்புத்தகம்கூடக் கிடைக்காத நிலை பல இடங்களில் இருந்தது. சில லட்சம் பேர் மட்டுமே பேசும் மொழியில், வாங்கும் வசதியில்லாத குழந்தைகளுக்காக அச்சிட எந்தப் பதிப்பாளரும் முன்வர மாட்டார். வணிகக் கணக்கில் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே ஆசிரியர்களும் நூலகர்களுமே எழுதத் தொடங்கினார்கள். ஒருவர் லுகாண்டாவில் எழுதிய கதையை இன்னொருவர் சுவாஹிலியில் பெயர்த்தார். வேறொருவர் அதே படங்களை வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு ஒரு வரி என்று சுருக்கி, எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு ஏற்றதாக மாற்றினார். இவர்களில் யாரும் யாரிடமும் கடிதம் எழுதி அனுமதி கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பதை உரிமம் முன்னரே சொல்லிவிட்டது. இன்று அத்தளத்தில் 200க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைகள் உள்ளன.

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் தரம் என்னாகும் என்ற கேள்வி எழுவது இயல்பு. எழுத்துமுறையே இன்னும் முழுமையாக நிலைபெறாத மொழிகளில் எது பிழை, எது வட்டார வழக்கு என்று பிரிப்பதும் எளிதன்று. அதனால் சரிபார்க்கப்பட்ட கதைகளுக்குத் தனி அடையாளம் இட்டு, மற்றவற்றையும் நீக்காமல் வைத்திருக்கிறார்கள். இது எனக்கு நியாயமாகவே படுகிறது. பிழையோடு இருக்கும் கதையை அடுத்தவர் திருத்தலாம். இல்லாத கதையைத் திருத்த முடியாது.

இக்கதைகள் தமிழுக்கு வந்த வழியும் உரிமத்தால் அமைந்ததுதான். பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளமும் அதே வகை உரிமத்தைப் பின்பற்றுவதால், ஆப்பிரிக்கக் கதைகள் பல அங்கே ஏற்றப்பட்டு இந்திய மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டன. அவற்றின் தமிழ் வடிவங்களை என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கிறார்கள். தோட்டத்துச் செடிகளிடமும் பள்ளிக்கூடத்து மரத்திடமும் பேசும் ஏழு வயதுக் கென்யச் சிறுமி அவர்களுக்கு அயலவளாகத் தோன்றவே இல்லை. பெயரை உச்சரிப்பதில் மட்டும் சற்றுத் தடுமாறுவார்கள். கொடுப்பவர் மேற்கு, பெறுபவர் ஆப்பிரிக்கா என்ற கட்டுரையின் வரைபடத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு வந்த இந்தக் கதைகளுக்கு இடமே இல்லை.

சட்டம் இவ்விஷயத்தில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நடைமுறையில் இருக்கும் பதிப்புரிமைச் சட்டம் 1978ஆம் ஆண்டினது. அச்சு நூல் ஒன்றைப் பார்வையற்றோர் படிக்கும் பிரெய்லுக்கு மாற்றவும் உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்ற நிலையை எதிர்த்து, பிளைண்ட் எஸ்ஏ என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், அது அரசமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சட்டத்தைப் புதுப்பிக்கும் மசோதா 2024இல் நாடாளுமன்றத்தில் மீண்டும் நிறைவேறியும், குடியரசுத் தலைவர் ராமபோசா அதில் ஒப்பமிடாமல் நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பிவைத்தார். சட்டம் மாறும்வரை காத்திருக்க இயலாத ஆசிரியரும் கலைஞரும் தம் படைப்பைப் பொறுத்தவரை தாமே அனுமதி தந்துவிடுவதற்குத் திறந்த உரிமமே வழியாக இருக்கிறது.

இனி, கட்டுரை தொடாமலே விட்ட, ஆனால் இன்று அங்கே மிகுதியாக விவாதிக்கப்படும் செய்திக்கு வருகிறேன். ஆப்பிரிக்க மொழிகளுக்குக் கணினி மொழிபெயர்ப்பை உருவாக்க முனைந்த மசகானே என்ற ஆய்வாளர் கூட்டமைப்பு, தொடக்கத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவ சபையின் இணைய வெளியீடுகளிலிருந்து தொகுக்கப்பட்ட பன்மொழித் தரவை நம்பியிருந்தது. ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் அந்த அளவுக்கு எழுத்துத் தரவு வேறெங்கும் இல்லை. அத்தகைய பயன்பாட்டைத் தளத்தின் விதிகள் தடுப்பது தெரியவந்து, கேட்டபோது அனுமதியும் கிடைக்காததால், அத்தரவைக் கைவிட நேர்ந்தது. தம் மொழியின் தரவைத் தாமே திரட்ட வேண்டும் என்ற எண்ணம் இத்தகைய அனுபவங்களால் வலுத்தது. ருவாண்டாவில் டிஜிட்டல் உமுகாண்டா என்ற அமைப்பு மக்களைத் திரட்டி, கணினிக்குப் பேச்சைப் பழக்கக் குரல்களைத் திரட்டும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்துக்காகக் கின்யருவாண்டா மொழியில் 2,000 மணி நேரத்துக்கும் மேலான குரல் பதிவுகளைச் சேர்த்தது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை நாடெங்கும் மக்கள் கூடிச் செய்யும் பொதுவேலைக்கு அங்கே உமுகாண்டா என்று பெயர். அதையே அமைப்புக்கும் வைத்துக்கொண்டார்கள்.

காமன் வாய்ஸ் பதிவுகள் எந்த நிபந்தனையும் இன்றி உலகுக்கு விடப்படுபவை. எனவே, ஊரார் கூடிப் பேசித் தந்த குரலை எடுத்துப் பெருநிறுவனம் ஒன்று அதைக் கொண்டு மென்பொருள் செய்து, அதே ஊராருக்கே கட்டணத்துக்கு விற்றாலும் கேட்க வழியில்லை. இந்தக் கவலையிலிருந்துதான் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் சட்ட ஆய்வாளர்களும் நைரோபியின் ஸ்ட்ராத்மோர் பல்கலைக்கழகத்து அறிவுசார் சொத்துரிமை மையத்தினரும் சேர்ந்து ந்வுலிட்டே ஒபோடோ என்ற புதிய தரவு உரிமத்தை உருவாக்கியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் பிற வளரும் நாடுகளிலும் இருப்போர் தரவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வளர்ந்த நாடுகளில் இருந்து எடுப்போர் பயனில் ஒரு பங்கைத் தரவு தந்த சமூகத்துக்குத் திருப்பித் தர உடன்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

திறந்த உரிம இயக்கத்தின் பழைய ஆதரவாளர்கள் சிலர் இதை ஏற்கத் தயங்குவார்கள். ஆளுக்கொரு விதி என்றால் அது திறந்ததே அன்று என்பது அவர்கள் வாதமாக இருக்கும். அதில் ஓரளவு நியாயம் உண்டு. புதிய உரிமத்தில் வெளியாகும் தரவைப் பழைய உரிமத்தில் உள்ளவற்றோடு கலந்து பயன்படுத்துவது சிக்கலாகும்; வளர்ந்த நாட்டு நிறுவனம் வளரும் நாட்டில் ஒரு கிளையைப் பதிவு செய்துகொண்டு அதன் பெயரில் எடுத்தால் என்ன செய்வது என்பதும் கேட்கப்பட வேண்டியதே. இருந்தும் என் மனம் இந்த முயற்சியின் பக்கமே சாய்கிறது. கதையை மாற்றும் உரிமையைக் கேட்டுப் பெற்ற அதே மக்கள், இப்போது உரிமத்தின் வாசகத்தையே தங்கள் நிலைமைக்கேற்ப மாற்றி எழுதுகிறார்கள். அந்த உரிமை அவர்களுக்கு இல்லை என்று வெளியிலிருந்து சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

நிறைவாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வெளியான சந்தைக் காட்சிப் படத்தின் கீழ் 'படம்: இணையம்' என்று மட்டும் இருந்தது. ஆப்பிரிக்க ஒளிப்படக் கலைஞர்கள் 2014 முதல் 'விக்கி லவ்ஸ் ஆப்பிரிக்கா' போட்டி வழியாகத் தங்கள் படங்களை, விக்கிப்பீடியாவுக்கும் படங்கள் தரும் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிவருகிறார்கள். உணவு, உடை, இசை, தொழில் என்று ஆண்டுக்கொரு பொருள். அப்படங்களை எவரும் கட்டணமின்றி அச்சிடலாம். ஆனால் எடுத்தவரின் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிடுவது கட்டாயம். தாங்கள் வெளியிட்டதும் அங்கிருந்து எடுக்கப்பட்டதாக இருந்தால், அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தப் பெயரை ஒரு வரியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியை,
திண்டுக்கல்