கார்க் கொயிலை இப்ப மாத்தாத, மச்சான்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

நீ போனில சொன்னதையெல்லாம் கேட்டுப்போட்டு அப்பவே பதில் சொல்லியிருக்கலாம். ஆனா போனில சொன்னா நீ பாதி கேப்பாய், மற்றப் பாதியைக் கராஜில போய் வேற மாதிரிச் சொல்லுவாய். அதுதான் ஆறுதலா இருந்து எழுதுறன். வாசிச்சு முடிச்சு இந்தத் தாளைக் காருக்குள்ளயே வை. தேவைப்பட்டா அந்தக் கராஜ் பாஸின்ட கையில குடு. கோவிக்கமாட்டார் எண்டு நினைக்கிறன்.

இஞ்ச கச்சான் காத்துத் தொடங்கிட்டு. பத்து மணிக்குப் பிறகு முற்றத்தில கால் வைக்க ஏலாத வெக்கை. படுவான்கரையில சிறுபோக வெட்டு நடக்குது. மருமகன் உன்னிச்சைப் பக்கம் வயல் வட்டைக்குள்ளயே கிடக்கான், வெட்டு மெசினுக்கு வரிசையாம். இரவு வீட்டுக்கு வந்தா ஆளை மட்டுக்கட்ட ஏலாது, புருவமெல்லாம் தூசி. மகள் பேசுறாள், பேரன் சிரிக்கான். எனக்குச் சீனி கொஞ்சம் ஏறித்தான் கிடக்கு, ஆனா விடிய எழும்பிக் கல்லடிப் பழைய பாலத்தில நடக்கிறதை விடல்ல.

சரி, காருக்கு வாறன். நீ சொன்னதில நான் விளங்கிக்கொண்டதைச் சொல்றன், பிழையெண்டா திருத்து. மகன் வெளிநாட்டில இருந்து கொண்டுவந்த எயார் ஃபில்டர் கடுதாசி இல்ல, துணி. கழுவிக் கழுவிப் பாவிக்கலாம். அதை நீ கழுவிக் காயவைச்சு, தூசி பிடிக்க எண்ணெய் போட்டுப் பூட்டினாய். முதல் ரெண்டு நாள் ஒரு குறையுமில்ல. மறுகா அக்கரைப்பற்றுக்குப் போகேக்க மிதிச்சாத் திக்குது, இழுவை இல்ல, விட்டு மிதிச்சா ஒருக்கா உதறிப்போட்டு ஓடுது. நிண்ட இடத்தில எஞ்சின் சீரா நிக்குது. பழைய கடுதாசி ஃபில்டரைத் திருப்பிப் போட்டும் திக்கல் போகல்ல. அதால "ஃபில்டரில குற்றமில்ல, நாலு கொயிலும் பெற்றோல் பம்பும் மாத்தவேணும்" எண்டு கராஜில சொல்லிட்டாங்கள். கொயில் எண்டா பிளக்கில பொறி அடிக்கக் கரண்ட் குடுக்கிற துண்டு, சிலிண்டருக்கு ஒண்டு.

அந்த "அதால"தான் எனக்குப் பிடிக்கல்ல. நீ கணக்கு வாத்தி, உனக்கே அது விளங்கவேணும். ஃபில்டரைக் கழட்டினா இனி எண்ணெய் வராது, அவ்வளவுதான். ஏற்கெனவே வந்து ஒட்டின எண்ணெய் எங்க போகும்?

உன்ட கொரோலா 121இல எயார் கிளீனர் பெட்டிக்கு மேல, பெரிய ரப்பர் குழாய் தொடங்கிற இடத்துக்குக் கிட்ட, வயர் பூட்டின கறுப்புத் துண்டு ஒண்டு இருக்கு. அதுதான் காத்து அளக்கிற சென்சர். அதுக்குள்ள தலைமயிரை விட மெல்லிசாக் கம்பி. உள்ள வாற காத்தை விடக் குறிச்ச அளவு கூடின சூட்டிலயே அந்தக் கம்பியை எஞ்சின்ட கொம்பியூட்டர் வைச்சிருக்கும். காத்து கூடப் போனா கம்பி ஆறப்பாக்கும். ஆறவிடாமப் பிடிக்கக் கரண்ட் கூட வேணும். எவ்வளவு கரண்ட் போகுது எண்டதை வைச்சுத்தான் எவ்வளவு காத்து போகுது எண்ட கணக்கு. அந்தக் கணக்குக்குப் பெற்றோல் விடும்: ஒரு கிராம் பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காத்து.

இப்ப அந்தக் கம்பியில எண்ணெய் படிஞ்சு, அதில தூசி ஒட்டி, சூட்டில காய்ஞ்சு பிடிச்சிருந்தா என்ன நடக்கும்? காத்து கம்பியை நேரா தொட ஏலாது. நீ மிதிக்கேக்க காத்து ஒரேயடியா உள்ள போகுது, ஆனா கம்பி காட்டுறது அதை விடக் குறைவு. கொம்பியூட்டர் அதை நம்பிப் பெற்றோலைக் குறைச்சு விடுது. எஞ்சின் திக்காம என்ன செய்யும்? நிண்ட இடத்தில ஓடேக்க புகைக்குழாயில இருக்கிற ஒக்சிசன் சென்சர் பார்த்து ஆறுதலாத் திருத்திப்போடும், அதால உனக்குத் தெரியாது. சடார் எண்டு மிதிச்சா திருத்த நேரமில்ல. எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாத்தான் இழுபட்டு வரும். முதல் ரெண்டு நாள் ஒண்டும் தெரியாம இருந்ததுக்கும் காரணம் அதுதான் எண்டு நினைக்கிறன்.

கொயில் பழுதெண்டா கதை வேற. அநேகமா ஒரு சிலிண்டர்தான் வேலை செய்யாம விடும். நிண்ட இடத்திலயே வண்டி ஆடும், செக் எஞ்சின் லைட் சிமிட்டக்கூடும், கார்க் கொம்பியூட்டரை வாசிக்கிற ஸ்கேன் மெசினில பி0301இல இருந்து பி0304க்குள்ள ஒரு நம்பர் வரும், எந்தச் சிலிண்டர் எண்டும் அந்த நம்பரே சொல்லும். நாலு கொயிலும் ஃபில்டர் கழுவின அதே கிழமையில ஒண்டாச் சாகிறதெண்டா நம்பலாமா, சொல்லு. பம்பு பலவீனமெண்டா இதே மாதிரித் திக்கும், அதை நான் மறுக்கல்ல. பெற்றோல் குறையுது எண்டு சொல்ற பி0171 பம்புக்கும் வரும், சென்சருக்கும் வரும், எங்கயும் காத்து ஒழுகினாலும் வரும். அதால நம்பரை மட்டும் பார்த்து ஒண்டையும் மாத்த ஏலாது. பம்பின்ட அழுத்தத்தை அளக்க மீற்றர் இருக்கு. அளந்து காட்டிப்போட்டு மாத்தச் சொல்லு. ஸ்கேன் பூட்டேக்க லோங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம் எண்டு ஒரு கணக்கு வரும், கொம்பியூட்டர் பெற்றோலை எவ்வளவு வீதம் கூட்டிக் குறைச்சு விடுது எண்டு அது காட்டும், அதையும் எழுதித் தரச் சொல்லு. ப்ளஸ் 10க்குள்ள நிண்டாப் பரவாயில்ல. 20ஐத் தாண்டி நிண்டா, கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் கூட்டிக் களைச்சுப்போய் நிக்குது எண்டு அர்த்தம்.

ஒண்டு கேக்க மறந்திட்டன். நீ போட்டது ஃபில்டரோட வந்த எண்ணெயா, வீட்டில கிடந்த எஞ்சின் ஒயிலா? எஞ்சின் ஒயில் எண்டா நான் ஆச்சரியப்படமாட்டன். நம்மட ஊர்களில எயார் கிளீனரைப் பற்றித் தெரிஞ்சதெல்லாம் ட்ரக்டரில இருந்து வந்ததுதானே. உங்கட அப்பாட மாசி 135 ஞாபகமிருக்கா? எயார் கிளீனருக்குக் கீழ ஒரு கோப்பை, அதில கோடு வரைக்கும் எஞ்சின் ஒயில். காத்து கீழ இறங்கி ஒயிலுக்கு மேல திரும்பேக்க தூசி ஒயிலுக்குள்ள விழுந்திடும், மிச்சம் மேல இருக்கிற ஈரக் கம்பிவலையில பிடிபடும். சூடடிக்கிற காலத்தில அப்பா தினமும் கழட்டிப் பாக்கிறவர், சேறாக் கிடந்தா ஊத்திப்போட்டு மாத்துவார். அந்த எஞ்சினில கம்பியுமில்ல, கொம்பியூட்டருமில்ல. அதிலயும் கோட்டுக்கு மேல ஊத்தினா எஞ்சின் ஒயிலையே உறிஞ்சிக் குடிச்சு, நிப்பாட்ட ஏலாம ஓடத் தொடங்கும். காருக்கு அந்தப் பழக்கத்தோட போகக்கூடாது. கடுதாசி ஃபில்டருக்கு எண்ணெய் பூசுற ஆக்களும் இருக்கினம். கடுதாசி எண்ணெயில ஊறினா அடைச்சுப்போகும், தூக்கி எறியவேண்டியதுதான்.

இனிச் செய்ய வேண்டியது. காசு செலவில்லாததில தொடங்கு. நீ ஃபில்டரை எடுக்கேக்க கை வைச்ச இடமெல்லாம் ஒருக்காப் பார். பெட்டிட கிளிப் எல்லாம் கடிச்சுப் பூட்டியிருக்கா, ஃபில்டர்ட ரப்பர் விளிம்பு மடங்கிக் கிடக்கா, பெரிய குழாய்ட கிளாம்ப் இறுகியிருக்கா, எஞ்சினுக்கு மேல மூடியிருக்கிற டெப்பட் கவரில இருந்து வாற சின்னக் குழாய் கழண்டு தொங்குதா, சென்சர்ட சொக்கட் "டிக்" எண்டு விழுந்திருக்கா. சென்சருக்குப் பிறகு வாற குழாயில ஓட்டை இருந்தா அளக்காத காத்து உள்ள போகும், அதுவும் திக்கும். ஆனா அப்ப நிண்ட இடத்திலயும் எஞ்சின் ஏறி இறங்கும். உனக்கு அப்பிடி இல்ல எண்டுதான் சொன்னாய், எண்டாலும் பார்.

மறுகா சென்சர். திறப்பை எடுத்துப்போட்டு, எஞ்சின் ஆறினதும் சொக்கட்டைக் கழட்டு. ரெண்டு ஸ்க்ரூ, நட்சத்திர ஸ்க்ரூட்ரைவர் போதும். வெளிய எடுத்தா அடியில ரப்பர் வளையம் இருக்கும், துலைச்சிடாத. இதைக் கழுவுறதுக்கெண்டே ஸ்ப்ரே ரின் விக்கிறாங்கள், மாஸ் எயார் ஃப்ளோ சென்சர் கிளீனர் எண்டு கேள். கார்பரேட்டர் கிளீனர் வேணாம், அது பிளாஸ்டிக்கையும் கம்பியில இருக்கிற பூச்சையும் தின்னும். தூரத்தில பிடிச்சு நாலைஞ்சு தரம் அடி. துணி, பஞ்சு, பிரஷ் ஒண்டும் உள்ள விடாத. கொம்ப்ரசர் காத்து வேணவே வேணாம். கம்பி அறுந்தா கொயிலை விட அது விலை. நிழலில தானாக் காயவிடு, அரை மணித்தியாலம் விட்டாப் பிழையில்ல. அந்த நேரத்துக்கு ரப்பர் குழாய்க்குள்ள விரலை விட்டுப் பார். விரலில எண்ணெய் பிசுபிசுத்தா என்னோட வாதாடாம வெள்ளைத் துணியால துடை.

பூட்டினதுக்குப் பிறகு பற்றரிட மைனஸ் வயரைக் கொஞ்ச நேரம் கழட்டி வை, கொம்பியூட்டர் பழைய திருத்தத்தையெல்லாம் மறக்கும். திரும்பப் பூட்டி எடுத்தா முதலில கொஞ்சம் கரடுமுரடா நிக்கும், பயப்படாத, படிச்சுக்கொள்ளும். பொத்துவில் ரோட்டில வாகனம் குறைஞ்ச இடமாப் பார்த்து ஒருக்கா நல்லா மிதி. திக்கல் போயிருந்தா கொயில் காசு உன்ட பொக்கற்றில. போகல்லையெண்டா பம்பு அழுத்தத்தை அளக்கச் சொல்லு. அப்ப நானும் கராஜ்காரர் பக்கம் வாறன்.

துணி ஃபில்டரை என்ன செய்யிறதெண்டு கேட்டாய். நானெண்டா கட்டி மேல வைச்சுப்போட்டுக் கடுதாசியே போடுவன். 1500 சிசி எஞ்சினில, பள்ளிக்கூடமும் கோயிலும் கடையுமாப் போய் வாறவனுக்கு அது தாற மேலதிகக் காத்தால ஒரு பிரயோசனமும் இல்ல. வட்டைத் தூசிக்குள்ள போற வண்டிக்கு, அடைச்சதும் எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுற ஃபில்டர்தான் நிம்மதி. 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025இல திறக்கிற வரைக்கும் இந்த 121களை நாங்க எப்பிடிக் கண்ணுக்குள்ள வைச்சுப் பாத்தம் எண்டு உனக்குத் தெரியும். இப்பவும் புதுசு வாங்கிற விலையிலயா இருக்கு?

மகன் மனம் நோவான், துணியைத்தான் போடவேணும் எண்டா, கழுவேக்க தண்ணியைச் சுத்தமான பக்கத்தில இருந்து வெளிப்பக்கமா, மெதுவா விடு. வெயிலில வைக்காத, தானாக் காயட்டும். உள்ளுக்க ஈரம் இருந்தா எண்ணெய் பிடிக்காது. ஒவ்வொரு மடிப்பிலயும் ஒரு கோடு மட்டும், அதுவும் அதுக்கெண்டு வாற சிவப்பு எண்ணெய். இருபது நிமிசம் விட்டாத் தானாப் பரவும். வெளிறின இடம் தெரிஞ்சா அங்க மட்டும் தொட்டுவிடு. விளிம்பில எண்ணெய் தேங்கி நிண்டா ஒற்றி எடு. சொட்டுற ஃபில்டரை வண்டிக்குள்ள வைக்கவே கூடாது.

மற்றது, நம்மட வாழைச்சேனைக் கூட்டாளிக்குக் கண் ஒப்பரேஷன் முடிஞ்சுது. ஒரு கண் பளிச்செண்டு தெரியுதாம், இப்ப மனிசிட சமையலில கல்லுப் பொறுக்கிறான் எண்டு அவ முறைப்பாடு. மற்றக் கண்ணுக்கு மாரிக்கு முதல் திகதி எடுத்திருக்கான். உன்னைக் கேட்டவன்.

ஆடி அமாவாசை வருது. எங்களுக்கு மாமாங்கத் தீர்த்தம், உங்களுக்குத் திருக்கோவில் கடல் தீர்த்தம். ரெண்டும் ஒரே நாள் எண்டதால இந்த வயதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் ஒரு தீர்த்தத்துக்கும் ஒண்டாப் போனதில்ல. அது முடிஞ்ச கிழமை உன்ட மனிசியையும் கூட்டிக்கொண்டு வா. கார் சரியெண்டா காரில, இல்லாட்டி பஸ்ஸில. இரவு தங்கிற மாதிரி வா, அவனையும் வாழைச்சேனையில இருந்து வரச் சொல்றன். ஸ்கேன் கணக்கை மட்டும் முதலில போட்டோ எடுத்து அனுப்பு.

உன் கூட்டாளி

பி.கு.: பற்றரியைக் கழட்ட முதல் ரேடியோவுக்குக் கோட் இருக்கா எண்டு பார்த்து எழுதி வை. இல்லாட்டி வாற வழி முழுக்க அவவின்ட பேச்சைத்தான் கேக்கவேணும்.