நாலாவது வருஷம் யார் தருவது?

ஓக்லாந்து, கலிபோர்னியா

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன், ஆனாலும் தங்கச்சியிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். மகள் வேலை மாறியிருக்கிறாள். சம்பளம் கூடியிருக்கிறது, அவளை வீட்டில் பார்ப்பதுதான் குறைந்துவிட்டது.

“வாஷிங்டன் போலீசுக்குப் பணம் கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே, அதற்கு ஏன் உங்கள் நகர மன்றத்தில் இத்தனை கூச்சல்?” என்று கேட்டிருந்தாய். நகராட்சிக் கணக்குப் பிரிவிலேயே தலை நரைத்த நீ இப்படிக் கேட்கலாமா? மத்திய நிதியில் வாங்கிய குப்பை வண்டிக்கு டீசல் போட வழியில்லை என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவன் நீதானே.

முதலில் ஒரு விஷயம். நம்மூரில் போலீஸ் மாநில அரசின் துறை, நகராட்சிக்கு அதில் பேச்சே கிடையாது. இங்கே அந்தந்த நகரமே போலீசை வைத்திருக்கிறது. சம்பளம், ஓய்வூதியம், வண்டி, பெட்ரோல் எல்லாம் நகர பட்ஜெட்டில்தான். அந்த பட்ஜெட் இளைக்கும்போது வாஷிங்டன் பக்கம் பார்க்கிறார்கள்.

அங்கிருந்து பணம் வரும் பெரிய வழிகளில் ஒன்று, 1994-ல் கிளின்டன் கையெழுத்திட்ட குற்றத்தடுப்புச் சட்டத்தோடு பிறந்த ‘காப்ஸ்’ திட்டம். நாடு முழுக்க ஒரு லட்சம் போலீஸ்காரர்களைச் சேர்ப்போம் என்று ஆரம்பித்தார்கள். புது ஆளின் மூன்று வருஷச் சம்பளத்தில் முக்கால் பங்கு வரை வாஷிங்டன் தரும், கால் பங்கை நகரம் போட வேண்டும். மூன்று வருஷம் முடிந்த பிறகு குறைந்தது ஒரு வருஷமாவது அந்த இடத்தை நகரம் தன் சொந்தக் காசில் வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே கொடுத்துவந்த சம்பளத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இந்தப் பணத்தை நுழைக்கவும் கூடாது. கணக்குப் பிரிவுக்காரன் உனக்கு இது புரியும்: மூன்று வருஷம் பத்திரிகையில் படம் வரும், நாலாவது வருஷம் பில் வரும்.

முக்கால் பங்கு என்பதையும் அப்படியே நம்பிவிடாதே. ஒரு ஆளுக்கு மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 1,25,000 டாலர்தான் உச்சவரம்பு என்று பல வருஷமாக வைத்திருக்கிறார்கள். சின்ன ஊருக்கு அது போதலாம். ஓக்லாந்தில் ஒரு போலீஸ்காரருக்கு ஆகும் செலவில் அது ஒரு மூலைக்குத்தான் காணும்.

எங்கள் ஊரில் நடந்ததையே சொல்கிறேன். 2009-ல், பொருளாதாரம் படுத்திருந்த நேரம், ஒபாமா அரசு இந்தத் திட்டத்துக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தத் தடவை நகரப் பங்கு வேண்டாம், சம்பளம் முழுக்க நாங்களே தருகிறோம் என்றார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் விண்ணப்பித்ததில் 1,046 இடங்களுக்குத்தான் கிடைத்தது. ஓக்லாந்துக்கு 41 பேருக்காக 1.97 கோடி டாலர். வகுத்துப் பார், தலைக்கு 4.8 லட்சம். நாட்டிலேயே மிகப் பெரிய தொகைகளில் ஒன்று. மேயர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. அடுத்த ஜூலையில் அதே நகரம் 80 போலீஸ்காரர்களை வீட்டுக்கு அனுப்பியது! பட்ஜெட்டில் பெரிய ஓட்டை, ஓய்வூதியத்துக்குப் போலீஸ்காரர்களும் பங்கு போட வேண்டும் என்ற பேச்சில் சங்கத்தோடு உடன்பாடு வரவில்லை. மானியம் ஒரு வாசல் வழியாக உள்ளே வந்தது, ஆட்கள் இன்னொரு வாசல் வழியாக வெளியே போனார்கள். வெளியே போனவர்கள் எல்லாம் கடைசியாகச் சேர்ந்த இளைஞர்கள்.

நான் மானியமே வேண்டாம் என்கிற கட்சி இல்லை. போன மாதம் எதிர்வீட்டுக்காரர் கார்க் கண்ணாடியை உடைத்தார்கள். போலீஸ் வராது என்று தெரிந்து அவர் கூப்பிடவே இல்லை, ஆன்லைனில் புகார் எழுதிவிட்டு கண்ணாடி மாற்றப் போய்விட்டார். ஆள் பற்றாக்குறை நிஜம். ஆனால் பணத்தை ஏற்றுக்கொள்ளும் அந்தத் தீர்மானம் இருக்கிறதே, நகரத்துக்கு வாய் திறக்கக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் பெரும்பாலும் விவாதமே இல்லாமல், இருபது முப்பது பொருள்களோடு கட்டி ஒரே குரலில் ‘நிறைவேறியது’ என்று முடிக்கிறார்கள். உங்கள் மன்றத்தில் டீ வருவதற்குள் அத்தனை தீர்மானமும் பாஸாகும் என்பாயே, அதே கதைதான். தானமாய் வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்க இங்கேயும் யாருக்கும் மனம் வருவதில்லை.

ஓக்லாந்து ஒரு தடவை பல்லைப் பார்த்தது. துறைமுகப் பாதுகாப்புக்கு என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கொடுத்த மானியத்தில் ஒரு கண்காணிப்பு மையம் கட்டத் தொடங்கினார்கள். துறைமுகத்துக்கு என்று ஆரம்பித்தது மெல்ல ஊருக்குள் வந்தது. தெருக் கேமரா, கார் நம்பர் படிக்கும் கருவி, துப்பாக்கிச் சத்தத்தைப் பிடிக்கும் கருவி எல்லாவற்றையும் ஒரே அறையில் இணைப்பது திட்டம். மொத்தம் ஏறத்தாழ 1.1 கோடி டாலர். 2013 ஜூலையில் அடுத்த தவணை 20 லட்சத்தை ஏற்கும் தீர்மானம் மன்றத்துக்கு வந்தது. அமெரிக்க அரசு மக்களின் போன், இணையத் தகவல்களை ரகசியமாகத் திரட்டுவதை ஸ்நோடன் அம்பலப்படுத்தி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கேட்க வேண்டுமா? தீர்மானம் நிறைவேறியது, ஆனால் ஊர் விடவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஒப்பந்தக் கம்பெனி அணு ஆயுத வேலையும் செய்கிறது, ஓக்லாந்தோ அணு ஆயுதத் தொடர்புள்ளவர்களோடு வியாபாரம் செய்வதில்லை என்று எப்போதோ சட்டம் போட்டு வைத்திருக்கிறது. ஒரு மூலையில் தூங்கிக் கிடந்த அந்தச் சட்டத்தை மக்கள் தேடி எடுத்து நீட்டினார்கள். கம்பெனியை மாற்ற வேண்டியதாயிற்று. 2014 மார்ச்சில் நள்ளிரவு தாண்டி நடந்த கூட்டத்தில் ஓட்டு சமமாகிப்போக, மேயர் ஜீன் குவானின் ஓட்டில் அந்த மையம் துறைமுகத்தோடு நின்றது.

அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பார்கள். தனியுரிமைக்கென்று நிரந்தரமாக ஒரு ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். 2018-ல் ஒரு சட்டமும் வந்தது: கண்காணிப்புக் கருவிக்காக மானியம் தேடுவதென்றால் முதலில் அந்தக் குழுவுக்குச் சொல்ல வேண்டும், பணத்தை ஏற்கும் முன் மன்றம் பொதுக் கூட்டத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்தது இதுதான். கருவி வந்து கம்பத்தில் ஏறிய பிறகு கத்துவதில் பிரயோஜனமில்லை.

பணத்தோடு வரும் நிபந்தனை இன்னொரு தலைவலி. 1988-ல் நியூயார்க்கின் குவீன்ஸில், ஒரு சாட்சியின் வீட்டுக்குக் காவலாகக் காரில் உட்கார்ந்திருந்த எட்வர்ட் பைர்ன் என்ற 22 வயதுப் போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் பெயரில் ஒரு மானியம் இருக்கிறது, மக்கள்தொகையும் வன்முறைக் குற்றங்களும் பார்த்துப் பங்கு பிரிப்பார்கள். 2017-ல் அதோடு, குடியேற்ற அதிகாரிகளுக்கு ஒத்துழைத்தால்தான் காசு என்று டிரம்ப் அரசு முடிச்சுப் போட்டது. சிகாகோ, பிலடெல்பியா எல்லாம் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தன. நியூயார்க் பக்கத்து அப்பீல் கோர்ட் மட்டும் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஓக்லாந்து 1986-லிருந்தே குடியேறிகளுக்கு அடைக்கலம் தரும் நகரம் என்று அறிவித்துக்கொண்ட ஊர், ஆகவே இங்கே இந்தப் பேச்சு வந்தாலே சூடு பறக்கும். கையெழுத்தாகிவிட்டதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2025 ஏப்ரலில் வாஷிங்டனின் நீதி அமைச்சகம் நூற்றுக்கணக்கான மானியங்களை நடுவழியில் நிறுத்தியது. தெருச் சண்டைகளைத் தடுக்க ஆள் வைத்திருந்த சின்ன அமைப்புகள்தான் அதில் அதிகம் அடிவாங்கின.

போதும், நீ கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது. உன் ஊர்க் கதைக்கு வருவோம். கடைத்தெருவில் வியாபாரிகள் சங்கமும் போலீசும் சேர்ந்து கேமரா மாட்டியிருக்கிறார்கள் என்று எழுதினாயே, அதில் எத்தனை இப்போது வேலை செய்கிறது? கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள், பழுதானால் யார் பார்க்கிறார்கள்? விசாரித்து எழுது. ஜனவரியில் வருவதாக இருக்கிறேன், டிக்கெட் இன்னும் போடவில்லை. முழங்கால் டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்