மாமா, ஏழு கறி சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்களுக்கு உடம்பில் பெரிய நோய் எதுவும் இல்லை. மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்துவிடுகிறது. யாருக்கும் கடன் பாக்கியும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

காலை ஆறு மணிக்குத் தேநீர், வானொலிச் செய்தி, பத்திரிகை, நம் மொரீஷியஸ் ரோஸ் ஹில் ஊர்ச் சந்தை வரை ஒரு நடை, மதியத் தூக்கம், மாலையில் அதே நண்பர்களோடு டோமினோ ஆட்டம், பிறகு தொலைக்காட்சி. ஆயுள் முழுவதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் ஓய்வெடுப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வராந்தாவில் இருக்கும் உங்கள் நாற்காலியை ஒருமுறை பாருங்கள். வலது கைப்பிடியில் முழங்கை படும் இடத்தில் வார்னிஷ் போய் மரம் வெளுத்திருக்கிறது. இடது கைப்பிடி கடையில் வாங்கியது போலவே பளபளக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது.

அத்தையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள், அவர் இன்னும் பெறவில்லை. உங்கள் ஆறு மணித் தேநீருக்காக ஐந்தரைக்கே எழுகிறார். தன் அக்காள் வீட்டுக்குப் போனாலும், நான்கு மணிக்கு நீங்கள் தேடுவீர்கள் என்று பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருகிறார். உங்கள் நாள் இம்மி பிசகாமல் ஓடுவதற்கு அவர்தான் உழைத்துக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2014-இல் வெளிவந்தது. 60 வயதைக் கடந்த சிலருக்குப் புகைப்படக் கலையும் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதும் மூன்று மாதம் கற்றுக்கொடுத்தார்கள். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் அவர்கள் அதிலேயே மூழ்கியிருந்தார்கள். வேறு சிலர் கூடிப் பேசியும் விளையாடியும் பொழுதைக் கழித்தார்கள். புதிய கைவேலையைக் கற்றவர்களுக்கே, அதிலும் புகைப்படம் பழகியவர்களுக்கு, நினைவாற்றல் நன்றாகக் கூடியது. டோமினோவை விட்டுவிடச் சொல்லவில்லை, மாமா. நண்பர்கள் வேண்டும். அதோடு மூளை திணறிப் படிக்கிற ஒன்றும் வேண்டும்.

ஆகவே அத்தையிடம் ஏழு கறி கற்றுக்கொள்ளுங்கள். ஏழு வகைக் காய்கறிக் கறிகள் கொண்ட நம் மொரீஷியஸ் தமிழர் விருந்தின் பெருமையே அதுதானே! காவடி முடிந்த அன்று வாழை இலையில் அத்தை பரிமாறினால் ஊரே பாராட்டுகிறது. அந்தக் கைப்பக்குவம் எந்த ஏட்டிலும் இல்லை. வாழைக்காய் எந்தப் பதத்தில் இறக்க வேண்டும், பூசணிக்காய்க்குத் தண்ணீர் எப்போது தெளிக்க வேண்டும், ரசத்துக்குப் புளி எவ்வளவு கரைக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வையுங்கள். உங்கள் அழகான கையெழுத்துக்கும் வேலை கிடைக்கும். முதலில் கருகும், உப்புக் கரிக்கும். அத்தை திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் அத்தையோடு வெளியே கிளம்புங்கள். 60 வயது கடந்தவர்களுக்கு 2005 முதல் பஸ் பயணம் இலவசம். கியூர்பிப் ஊரில் பஸ் மாறினால் தெற்குக் கரையிலுள்ள சுயாக் போய்விடலாம். அங்கே கிரி கிரி கரையில் பவளப்பாறை அரண் இல்லாததால் அலை நேராக வந்து பாறையில் மோதுகிறது. மொத்தத் தீவே 65 கிலோமீட்டர் நீளம்தான். தெற்குக் கரையை அத்தை பார்த்து எத்தனை ஆண்டு ஆகிறது என்று அவரையே கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு மதியம் வருகிறேன். ஏழும் வேண்டாம், பூசணிக்காய்க் கறி ஒன்று போதும். அதை நீங்கள் செய்து வையுங்கள். சோறும் பருப்பும் நான் கொண்டுவருகிறேன். அத்தை அன்றைக்கு அடுப்படிப் பக்கமே வரக் கூடாது.

அன்புடன்,
உங்கள் மருமகள்