லீவு நாளில் வராத இருமல்

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள மகனுக்கு,

நேற்று இரவு போனில் வசனத்துக்கு வசனம் இருமினாய். கேட்டால் கொழும்புத் தூசி என்கிறாய். சித்திரை வருஷத்துக்கு வந்து நின்றபோது அந்த இருமல் எங்கே போனது மகன்? கடற்கரையில் சின்னப் பொடியன்களோடு பந்தடித்தாய், மூச்சு முட்டவில்லை. திரும்பிப் போய் கராஜில் இறங்கியதும் தொடங்கிவிட்டது. இத்தனை வருஷம் தாதியாக வேலை செய்த எனக்கு இது நல்லதாகப் படவில்லை. லீவில் குறைந்து, வேலையில் கூடுகிற இழுப்பு என்றால் முதலில் வேலைத்தளத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நீ அடிக்கிற கார் பெயின்ட் இறுகுவதற்கு ஹார்ட்னர் கலக்கிறீர்கள் அல்லவா? அதில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கும். ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஆஸ்துமா வர அதுதான் பெரிய காரணம். மணம் தெரிவதற்கு முன்பே கெடுதல் செய்துவிடும். மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுப் பிறகுதான் காட்டும். வேலை முடிந்து அறைக்கு வந்து, இரவில் நெஞ்சு இறுகுவதும் உண்டு. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் அப்புறம் துளியளவு பட்டாலும் இழுக்கும். நீ கட்டுகிற துணி முகமூடி அதற்கு ஒன்றும் காணாது.

வத்தளையில் இருக்கிற உனக்கு வெலிசறை சுவாச நோய் ஆஸ்பத்திரி கிட்டத்தானே. இந்தக் கிழமையே போ. இருமல் என்று மட்டும் சொல்லாமல் என்ன வேலை, என்ன பெயின்ட் என்று சொல். ஹார்ட்னர் டின்னின் லேபிளைப் படம் எடுத்துக் காட்டு. மூச்சை ஊதுகிற வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் தந்தால் ஒரு நாளைக்கு நாலு நேரம் ஊது. ஒவ்வொரு நேரமும் மூன்று தரம் ஊதி, கூடின இலக்கத்தைக் கொப்பியில் குறி. வேலை நாளா, லீவு நாளா என்று பக்கத்திலேயே எழுது. சில கிழமைக் கணக்கு இருந்தால் டொக்டருக்குப் பிடிபடும். அதற்கு முன் நீயாக வேலையை விட்டுவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் அதுதான் என்று உறுதியானால் இழுத்தடிக்காதே. சீக்கிரம் விலகினவர்களுக்குத்தான் நெஞ்சு நன்றாகத் தேறும். ஆஸ்துமா பம்ப் இழுத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று பெயின்ட் அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வசனம் முடிக்க முடியாமல் மூச்சு வாங்கி, இழுப்பை உடனே தணிக்கிற நீலப் பம்ப் இழுத்தும் குறையாவிட்டால் உடனே 1990க்கு அடி. அம்புலன்ஸுக்குக் காசில்லை.

முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்வோம். கிளினிக் போன அன்றே கோல் எடு.

அம்மா