அம்மம்மா தைத்த போர்வை

அன்பு மகளுக்கு,

நானும் தம்பியும் சுகம். நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்ந்திருக்கிறேன். நீ போன் எடுத்து இன்றோடு 23 நாள். வட்சப்பில் வருகிற "ஓம் அம்மா", "சரி அம்மா" எல்லாவற்றையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. வேலையாக இருப்பாய். சரி. நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குப் படு.

பெரியம்மாவின் மருமகன் கனடா திரும்புகிறார். அவரிடம் ஒரு போர்வை கொடுத்துவிடுகிறேன். பிள்ளை பிறக்க முன் எதுவும் வாங்கக்கூடாது என்றாய். இது வாங்கியது இல்லை, தைத்தது. பிறந்த பிள்ளையின் உடம்புக்குப் பழைய நூல்சீலைதான் இதம் என்று அம்மம்மா சொல்லுவா. அதனால் என்னுடைய சீலைகள் மூன்று, நீ கம்பஸுக்குப் போட்டுக்கொண்டு போன மஞ்சள் சட்டை, கொஞ்சம் புதுச் சீத்தை. புதுத் துணியை வெட்ட முன்னமே நனைத்துக் காயவைத்தேன், சுருங்குவதும் சாயம் போவதும் அப்போதே முடியட்டும் என்று.

பிஸ்கட் பெட்டி மட்டையில் 6 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, அதை வைத்து 42 துண்டு எடுத்தேன். வரிசைக்கு 6, ஏழு வரிசை. ஒவ்வொரு தையலுக்கும் கால் அங்குலம் விட்டதில் முடிய 33 அங்குல அகலம், 38½ அங்குல நீளம். மூலைகள் எப்படிச் சந்தித்திருக்கிறது என்று வடிவாகப் பார். ஒரு வரிசையின் தையலை இடப்பக்கம் மடித்து, அடுத்ததை வலப்பக்கம் மடித்து அயன் பண்ணினால்தான் அப்படிப் பொருந்தும். நடுவில் பஞ்சு வைக்கவில்லை, தோய்த்தால் ஒரு பக்கம் திரண்டுவிடும். பழைய பிளனல் போர்வைதான். அடிப்பக்கம் அப்பாவின் நீலச் சாரம். அதை வெட்ட மனம் வரவில்லை, மடித்துத் தைத்திருக்கிறேன். மூன்றையும் சேர்த்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இழையோட்டி, பிறகு கையாலேயே தைத்தேன். மெசின் சும்மாதான் இருந்தது. இதைக் கையால் தைக்க வேண்டும் போல இருந்தது.

ஒரு வயது வரும்வரை பிள்ளையின் கட்டிலில் போர்வை வைக்கக்கூடாது, மூச்சை அடைத்துவிடும் என்று மருமகன் சொன்னார். டொக்டர்மார் சொல்வதைக் கேளுங்கள். பகலில் நிலத்தில் விரித்து, நீ பக்கத்தில் இருந்துகொண்டு குப்புறக் கிடக்க விடு. நீயும் நேரத்துக்குப் படு. இரவிரவாக முழித்திருக்கிறாயாம். மருமகன் சொல்லவில்லை, எனக்குத் தெரியவந்தது.

விசுவமடுவிலிருந்து அறிவியல் நகருக்குப் பஸ்ஸில் போய் இஞ்சினியரிங் படித்து முடித்த பிள்ளை நீ. சனத்துக்கு உன்னைச் சொல்லிக்காட்டித்தான் நான் நிமிர்ந்து நடக்கிறேன். அந்தப் பிள்ளைக்குத் தாயோடு கதைக்க ஐந்து நிமிசம் இல்லையா என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் நீ ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். "அம்மா, அவளின்ரை அம்மா இப்ப எங்கை இருக்கிறா?" என்று கேட்டாய். கறி அடிப்பிடிக்குது என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

2009 பங்குனி, சண்டையின் கடைசி மாதங்கள், மாத்தளன். கடற்கரை மணலில் பங்கர் வெட்ட வெட்டச் சரிந்தது. எல்லாரும் சீலையை வெட்டி மண்மூட்டை தைத்தார்கள். என் கூறைச் சீலையும் போனது. அப்போதும் ஒரு பக்கத்துக்கு மூட்டை போதாமல் கிடந்தது. நீ கஞ்சிக்கு வரிசையில் நின்றாய். அம்மம்மா உனக்குத் தைத்த போர்வையை நான்தான் மடித்துத் தைத்து மண் நிரப்பினேன். சீலையை விட அது தடிப்பு, கிழியாது. அடியில் வைத்து மேலே மற்ற மூட்டைகளை அடுக்கினேன், உன் கண்ணில் படாமல். நீ வந்து கேட்டபோது ஆரோ எடுத்துவிட்டார்கள் என்றேன். நீ நேரே பக்கத்துப் பங்கருக்குப் போய் அவளோடு, உன் கூட்டாளியோடு, சண்டை பிடித்தாய். அவள் அழுதாள். அது எனக்குக் கேட்டது. நான் எழும்பி வரவில்லை. பிறகு நீங்கள் இரண்டு பேரும் கதைக்கவேயில்லை. கதைக்க நாளும் இருக்கவில்லை.

அவள் எடுக்கவில்லை, பிள்ளை. நீ பொய்யாகச் சண்டை பிடிக்கவுமில்லை, நான் சொன்னதை நம்பினாய். செட்டிகுளம் முகாமில் நீ ஒருநாள் "அவளிட்டைக் குடுத்திருக்கலாம், அம்மா" என்றாய். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். உனக்குப் பத்து வயது. இத்தனை வருசமும் அதை உன்னைச் சுமக்க விட்டுவிட்டேன்.

அவளின் அம்மா தருமபுரத்தில் இருக்கிறா. பஸ்ஸில் ஏறி இறங்குகிற தூரம். சந்தையில் இரண்டு தரம் கண்டு, விலத்திப் போயிருக்கிறேன். இந்தப் பார்சலைக் கொடுத்துவிட்டு, வருகிற ஞாயிறு அவவிடம் போகிறேன். வந்து உனக்கு எடுப்பேன். நீ முந்தி எடுத்தாலும் எடு, எந்த நேரமென்றாலும் பரவாயில்லை, நான் முழித்துத்தான் இருப்பேன்.

அம்மா